ஏஐ கருவிகளைச் சேர்த்துப் பாட்டு செய்யும்போது எங்கே சொதப்புகிறது?

சாட்ஜிபிடியில் வரிகள், சூனோவில் இசை, டீமக்ஸில் குரலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுப்பது, ஆர்விசியில் குரல் மாற்றம், கடைசியில் சத்தத்தையும் தொனியையும் சீராக்கி முடித்துத் தரும் ஏதாவது ஒரு தானியங்கி மாஸ்டரிங் தளம். இப்படி நாலைந்து கருவிகளை வரிசையாக ஓட்டிச் சொந்தப் பாட்டு செய்பவர்கள் இப்போது நிறைய. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பிரமாதமாகத்தான் இருக்கும். சேர்த்த பிறகு பார்த்தால் தாளம் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்ருதி இன்னொரு பக்கம் இழுக்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பெரும்பாலான தவறுகள் கருவிக்குள் நடப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில்தான் நடக்கின்றன, ஏனென்றால் அடுத்த கருவிக்கு என்ன தேவை என்று முந்தைய கருவிக்குத் தெரியாது.

முதலில் மெட்டு. கையில் எதுவுமே இல்லாமல் ‘சோகமான தமிழ் மெலடி’ என்று பிராம்ப்ட் போட்டுவிட்டு, வருகிற இருபது முப்பது பாட்டில் நல்லதைப் பொறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அது பாட்டு தேர்ந்தெடுப்பது, பாட்டு செய்வது வேறு. போனில் பல்லவிக்கு மட்டுமாவது ஒரு ஹம்மிங் பதிவு செய்துகொள்ளுங்கள். சுமாராகப் பாடினால் போதும். அந்த ஆடியோவையே சூனோவில் ஏற்றி அதன்மேல் இசை கேட்கலாம், அல்லது ஸ்பாட்டிஃபையின் இலவசக் கருவியான பேசிக் பிட்ச்சில் போட்டு மிடியாக, அதாவது எந்த ஸ்வரம் எப்போது எவ்வளவு நேரம் என்ற குறிப்புக் கோப்பாக, மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய மிடியை அப்படியே நம்பிவிடக் கூடாது. நாம் கமகத்தோடு பாடுவதை அது குட்டிக் குட்டி ஸ்வரங்களாக நறுக்கி வைக்கும், கீபோர்டில் ஓட்டினால் விக்கல் எடுத்தது போல இருக்கும். அந்தத் துண்டுகளைக் கையால் அழித்து, நின்று பேசும் ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, குழைவைப் பாடுகிறவர் குரலுக்கு விட்டுவிடுவது நல்லது.

ராகப் பெயர் விஷயமும் இதே கதைதான். பிராம்ப்டில் மோகனம் என்று எழுதிவிட்டால் மோகனம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது, ஆனால் பின்னால் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) போடும் மாடலுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. சி-யை ஸட்ஜமாக வைத்துப் பாடினால் இரண்டாவது வரியிலேயே எஃப் மேஜர் கார்டைக் கொண்டுவந்து இறக்கும், சி ஸட்ஜமானால் எஃப்தான் மத்யமம், அது உள்ளே வந்துவிடும். சினிமாப் பாட்டில் இதை வேண்டுமென்றே செய்வார்கள், தப்பில்லை. தெரிந்து செய்தீர்களா என்பதுதான் கேள்வி. ஸ்ருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கும் மாடலுக்குப் புரியும் என்று எண்ண வேண்டாம், ஒன்றரைக் கட்டை வேண்டுமென்றால் சி ஷார்ப் என்றே எழுதிவிடுங்கள்.

வரிகளுக்கு வருவோம். சாட்பாட்டிடம் காதல் பாட்டு கேட்டால் நிலா, கனவு, சிறகு, வானம் நாலும் ஆஜராகிவிடும். அதைக்கூட மாற்றிவிடலாம். பெரிய சிக்கல், வரிகள் கண்ணுக்குச் சரியாக இருந்து வாய்க்குச் சரியாக இல்லாதது. ஒரு வரி முன்னே, ஒரு வரி பின்னே என்று நீளம் தாறுமாறாக இருந்தால் இசை செய்யும் ஏஐ எங்கேயாவது இடித்து நெருக்கித்தான் பாடும். ‘நீ வரும்போதெல்லாம் மழை வரும்’ என்று ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள். அது ‘நீ வரும்போதெல்’ என்று நிறுத்தி, மூச்சு விட்டு, ‘லாம்மலை வரும்’ என்று பாடும். ஒரே வரியில் இரண்டு தவறு, சொல் உடைந்தது, ழகரம் லகரமாகிவிட்டது. தொடையில் தாளம் தட்டிக்கொண்டே வரியைச் சொல்லிப் பார்த்து, அடி விழும் இடத்தில் நெடிலோ மெய்யோ வருகிற மாதிரி மாற்றினால் உடைவது பெருமளவு குறையும். ‘நீ வந்தாலே மழை வரும்’ என்று சுருக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உச்சரிப்புக்கு, அந்த வரியை மட்டும் மறுபடி உருவாக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு சொல்லுக்காக முழுப் பாட்டையும் மறுபடி உருவாக்கினால் ஏற்கெனவே நன்றாக வந்த சரணம் கைவிட்டுப் போகும். ழ, ள, ல மூன்றையும் தனியாகக் கேட்டுச் சரிபாருங்கள். தமிழ் தெரிந்தவர் காதில் முதலில் குத்துவது அதுதான்.

அடுத்தது டெம்போ, அதாவது பாட்டின் வேகம். அதிகம் பேர் கவிழ்வது இங்கேதான். பிராம்ப்டில் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 அடி) என்று எழுதினால் 92 வரும் என்று நம்பி, ரீப்பர், எஃப்.எல். ஸ்டுடியோ போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ப்ராஜெக்ட்டை 92-இல் வைத்து, அதன்மேல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு தபேலா லூப்பைப் போட்டுவிடுவார்கள். வந்த பாட்டு உண்மையில் 91.7-இல் ஓடினால் என்ன ஆகும்? மூன்று நிமிடத்தில் லூப் 276 அடி போயிருக்கும், பாட்டு 275 அடியைத்தான் தாண்டியிருக்கும். முதல் பல்லவியில் ஒன்றும் தெரியாது. கடைசிச் சரணத்தில் தபேலா கிட்டத்தட்ட ஒரு முழு அடி முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் லூப்பை நறுக்கி நறுக்கி ஒட்டி, ஒட்டிய இடமெல்லாம் டிக் டிக் என்று கேட்கும். ஏஐ கொடுத்த ட்ராக்கின் வேகத்தை முதலில் அளந்து, அதற்கேற்ப டெம்போ மேப் (எந்த இடத்தில் என்ன வேகம் என்ற கணக்கு) போட்டுவிட்டுத்தான் மேலே எதையும் வைக்க வேண்டும். இதைவிடச் சுலபம், தாள வாத்தியங்களை மட்டும் நீங்களே மிடியில் போட்டுவிடுவது. தாளம் உங்கள் கையில் இருந்தால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். ஸ்ருதியும் இப்படித்தான், நீட்டி நிற்கும் ஒரு பேஸ் ஸ்வரத்தை டியூனர் ஆப்பில் காட்டிப் பாருங்கள். கால் ஸ்வரம் ஏறி இறங்கி இருந்தால் அதன்மேல் புல்லாங்குழல் வைத்தால் வலிக்கும்.

பாட்டை ஸ்டெம்களாக, அதாவது குரல், வாத்தியம் என்று தனித்தனி ட்ராக்குகளாகப் பிரிப்பதில் எதிர்பார்ப்பு கொஞ்சம் அதிகம். டீமக்ஸின் வழக்கமான மாடல் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரிக்கும். அந்த ‘மற்றவை’யில் வீணையும் கிதாரும் வயலினும் ஒரே மூட்டையாகத்தான் வரும். குரலில் சிம்பல் சத்தம் ‘ஸ்ஸ்’ என்று ஒட்டியிருக்கும். எம்பி3 கோப்பைக் கொடுத்துப் பிரித்தால் இன்னும் மோசம், எனவே சுருக்காத வேவ் கோப்பாக எடுங்கள். சூனோவின் கட்டணத் திட்டத்தில் அதுவே ஸ்டெம் தருகிறது, முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். பிரித்ததை மறுபடி பிரிப்பது, பிரித்த குரலைச் சுத்தம் செய்யும் கருவியில் போட்டு, அதை இன்னொன்றில் போடுவது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் குரலில் கொஞ்சம் உயிர் போகும்.

குரல் மாற்றும் மாடல்களுக்கு எதிரொலி இல்லாத ஒற்றைக் குரல் தேவை. ஏஐ பாட்டிலிருந்து உருவிய குரலில் ரிவர்ப் ஏற்கெனவே ஊறியிருக்கும், கோரஸும் கூட இருக்கும். அதை அப்படியே ஆர்விசியில் கொடுத்தால் எதிரொலியையும் பாட்டாக எடுத்துக்கொண்டு உளறும், இரண்டு குரல் சேரும் இடத்தில் எந்த ஸ்ருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் தாவும். நீங்களே மெத்தை, போர்வை இருக்கும் அறையில் போனைக் கிட்டத்தில் வைத்துப் பாடிக் கொடுத்தால் இதைவிட எவ்வளவோ நன்றாக வரும். உங்கள் குரல் சுமாராக இருந்தாலும் பாவமும் நிறுத்தமும் உங்களுடையதாக இருக்கும்.

குரல் என்றதும் உடனே எஸ்பிபி குரலில் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். 2024-இல் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்தார். அதே ஆண்டு, அனுமதி இல்லாமல் தன் குரலைப் போலச் செய்யும் ஏஐ கருவிகளுக்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு பெற்றார். ‘சும்மா ஜாலிக்கு’ என்பது பதிலாகாது.

ஒலித்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டாவின் இசை உருவாக்கும் மாடலான மியூசிக்ஜென் 32 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில்தான் ஆடியோ தரும். அந்த எண்ணில் பாதி வரைதான் ஒலி பதிவாகும், அதாவது 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. 48-இல் பதிவு செய்த குரலோடு சேர்த்தால் இசை மட்டும் மங்கலாகக் கேட்பது அதனால்தான். மாஸ்டரிங் இன்னொரு பொறி. சூனோவிலிருந்து வரும் முழுப் பாட்டு ஏற்கெனவே அழுத்தி, சத்தம் ஏற்றப்பட்டுத்தான் வருகிறது. அதை மறுபடி தானியங்கி மாஸ்டரிங்கில் தள்ளினால் டிரம்ஸின் அடி சப்பையாகிவிடும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக −14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சரிக்கட்டுகிறது, நீங்கள் எவ்வளவு கத்த வைத்தாலும் அது குறைத்துவிடும்.

இனி, யாரும் படிக்காத உரிமை விதிகள். சூனோவின் இலவசத் திட்டத்தில் செய்ததை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது, பிறகு சந்தா கட்டினாலும் பழைய பாட்டுக்கு அந்த உரிமை வராது. மியூசிக்ஜென்னை ஓப்பன் சோர்ஸ் என்று நினைத்து எடுப்பார்கள். நிரலுக்குத் தாராளமான எம்ஐடி உரிமம் என்றாலும், பயிற்சி பெற்ற மாடலுக்கு வணிகமல்லாத உரிமம்தான். நாலு கருவி சேர்த்தால் நாலில் எது கறாரோ அதுதான் உங்கள் பாட்டுக்கு விதி. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில், வெறும் பிராம்ப்ட் கொடுத்ததற்காகப் பதிப்புரிமை கிடைக்காது, மனிதர் எழுதிய பகுதிக்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னது. இந்தியச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது, ஆனால் அது இந்தக் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதியது. ஆகவே ஹம்மிங் பதிவு, வரிகளின் முதல் வடிவம், ப்ராஜெக்ட் கோப்பு எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அதையும் அந்தந்தத் தளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். 2025 அக்டோபரில் சூனோவைப் போன்ற ஏஐ இசைத் தளமான யூடியோ, இசை நிறுவனமான யூனிவர்சல் மியூசிக்குடன் வழக்கை முடித்துக்கொண்ட கையோடு பதிவிறக்கத்தை நிறுத்தியது. பயனர்கள் கொதித்த பிறகு பழைய பாட்டுகளை எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் கொடுத்தார்கள். நல்ல டேக் ஒன்று வந்ததா, அன்றைக்கே வேவ் கோப்பாக இறக்கி, டெம்போவையும் ஸ்ருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.