தெரியாதவருக்கு ஒரு வணக்கம்

மெரினாவில் உழைப்பாளர் சிலை பக்கம் தினமும் காலையில் நடக்கிறேன். தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்லிப் பழக நினைத்தால், எடுத்தவுடன் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தினமும் எதிரே வருகிற ஒருவர் போதும். பத்தடி தூரத்தில் கண்ணைப் பாருங்கள், லேசாகத் தலையசையுங்கள், நடையை நிறுத்தாதீர்கள். உதடு மட்டும் விரிந்தால் போதாது, கண்ணோரமும் சுருங்க வேண்டும். 1862-லேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த வித்தியாசத்தை எழுதிவைத்தார். தனியாக வரும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், சரி, அதோடு விட்டுவிடுங்கள்.

பதில் வரத் தாமதமாகலாம். நடைபாதை பெருக்கும் அம்மாவிடம் “வணக்கம்மா” என்பேன். ஒரு வாரம் அவர் நிமிரவே இல்லை. அப்புறம் காய்ச்சலில் ஒரு நாள் நான் போகவில்லை. மறுநாள் துடைப்பத்தைக் கையிடுக்கில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நேத்து ஏன் சார் வரல?”