வீட்டில் காரைத் தூக்குவோர் செய்யும் தவறுகள்

ஆயில் மாற்றவும் பிரேக் பேடு பார்க்கவும் சொந்தமாகக் காரைத் தூக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களைக் கவனித்து வருகிறேன். ஒரு காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதை அனைவரும் அறிவர் என்பதால், அதை இங்கே மீண்டும் சொல்லப் போவதில்லை.

ஹேண்ட் பிரேக்கை நம்பிப் பின்பக்கத்தைத் தூக்குவது

இதைக் காணும்போதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூள்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தை முழுவதும் தூக்கிவிட்டால் அவ்விரு சக்கரங்களும் அந்தரத்தில் நிற்பதால், லீவரை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் பயனில்லை. முன்சக்கரங்களால் இயங்கும் காரைக் கியரில் விட்டால் ஓரளவு பிடிப்பு உண்டு. பின்சக்கரங்களால் இயங்கும் காரில் கியரும் அந்தரத்தில் நிற்கும் சக்கரங்களையே பிடிப்பதால் அதுவும் இல்லை.

சமதளத்தில் நிற்கும் கார் ஏன் நகரப்போகிறது என்று கேட்பார்கள். உருளைகள் உள்ள ஹைட்ராலிக் ஜாக்கியின் கை செங்குத்தாக எழாமல் வளைந்து எழுகிறது. ஆகவே உயரம் கூடக்கூட, ஒன்று ஜாக்கி காரின் அடியை நோக்கி உருள வேண்டும், இல்லையேல் கார் ஜாக்கியின் கைப்பிடிப் பக்கமாக நகர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் பின்சக்கரங்களைக் கழற்றிய பிறகு, ஸ்டாண்டு (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) நுழைய உயரம் போதவில்லை என்று ஜாக்கியை மீண்டும் அழுத்தினார். உருளையில் ஒரு சரளைக்கல் சிக்கியிருந்ததால் ஜாக்கி நகரவில்லை; கார்தான் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து அதன் தலை வழுக்கியதும், பிரேக் டிரம் தரையில் மோதியது. நல்லவேளையாகக் கையோ காலோ அடியில் இல்லை. ஓடிச் சென்று பார்த்தவர்களிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேனே!” என்பதுதான்.

தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். தளத்தைப் பெருக்கி, ஜாக்கி தடையின்றி உருள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆப்பு வடிவில் அறுத்த கனமான மரத்துண்டுகளே போதும் என்னும்போது, இதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதன்று.

செங்கல், ஹாலோ பிளாக்

காரைத் தாங்க இவற்றை அடுக்காதீர்கள், அவை எச்சரிக்காமல் நொறுங்கும்.

வீல் நட்

சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கைக்கு எட்டிய இடத்தில் ஜாக்கியை வைப்பது

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் எடையைத் தாங்கும் பாகமன்று. காருடன் வந்த கையேடு காட்டும் இடங்களில் மட்டுமே தூக்க வேண்டும். கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் தூக்குவதானால், நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் துண்டு இல்லாவிட்டால் அந்தத் தகடு மடங்கிவிடும். அதே இடத்தில் ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒன்றாக அமராது என்பதைப் பலர் காரைத் தூக்கிய பிறகே உணர்கிறார்கள். எது எங்கே அமரும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஸ்டாண்டில் இறக்கியதும் உள்ளே நுழைவது

இரண்டு ஸ்டாண்டுகளும் ஒரே உயரத்தில் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, மெதுவாக இறக்கி, பக்கவாட்டில் நின்று காரை நன்றாக அசைத்துப் பாருங்கள். விழுவதானால், அடியில் ஒருவரும் இல்லாத அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் கதவோரச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தால், ஸ்டாண்டு நழுவினாலும் கார் தரை வரை இறங்காது.