ஊசி குத்துவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்: கைத்தையல் அப்ளிக் பழக வருகிறவர்களுக்கு

கொட்டகலைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்ளிக் வகுப்பு நடக்கிறது. நான் அங்கே பழகப் போய், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளில் பாதிப்பேர் சொல்வது ஒரே பேச்சு: "அக்கா, எனக்குக் கை வராது." இதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கையில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு கிழிந்தால் ஒட்டுப் போட்டுத் தைத்து மறுநாள் மலைக்குக் கட்டிக்கொண்டு போன அம்மாமாரின் பிள்ளைகள் நாங்கள். ஒட்டுப் போடத் தெரிந்த கைக்கு அப்ளிக் தூரத்து வேலை இல்லை. வகுப்பில் நான் தையலைப் பிரித்துக் கொடுத்த துண்டுகளில் பெரும்பாலானவை தையலால் கெட்டவை இல்லை. துணியைத் தெரிந்த விதத்திலும், கழுவாமல் விட்டதிலும், வெட்டிய அளவிலும் கெட்டவை. ஊசி குத்துவதற்கு முன்பே காரியம் பிழைத்திருக்கும். ஆனால் பழி மட்டும் கைக்கு.

ஒரு துணியில் உருவம் வெட்டி, அதன் ஓரத்தை உள்ளே மடித்து, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதுதான் அப்ளிக். பேர் புதிதாகத் தெரிந்தாலும் வேலை நமக்குப் பழசு. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் தேர்களில் உருளையாகத் தொங்கி ஆடும் தொம்பையை அடுத்த முறை கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத்தில் பூவும் யாளியும் வெட்டித் தைத்திருப்பார்கள். அதே வேலைதான், அளவுதான் சின்னது.

கொழுந்து தைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

வருகிறவர்களில் நிறையப் பேருக்கு முதல் ஆசை இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆசை நியாயமானது, நம்முடைய உருவம் அது. தவறு, அதை உள்ளபடியே வரைவதில் இருக்கிறது. தேயிலையின் ஓரம் அரம் மாதிரிப் பல்லுப் பல்லாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் தையலில் ஒரு வெளிக்கூரும் ஒரு உட்பள்ளமும். மடிக்கத் துணி எங்கே இருக்கிறது? ஒரு தங்கச்சி அப்படித்தான் ஒவ்வொரு பல்லாக வரைந்து வெட்டி வந்தார். இரண்டாவது பல்லைத் தைக்கும்போதே ஓரம் பிசிறி நூலாகக் கழன்றுவிட்டது. அன்றைக்கு அவரைக் கூட்டிப்போக வந்திருந்த அவருடைய அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மலையில நாங்க பல்லையா பாக்குறோம்? கொழுந்து நிமிர்ந்து நிக்குதான்னுதானே பாக்குறோம்." அந்த வார்த்தைக்குப் பிறகு வகுப்பில் யாரும் பல் வரைவதில்லை. இரண்டு இலையும் விரிகிற சாய்வும் நடுவில் மொட்டு நிமிர்கிற விதமும் சரியாக இருந்தால், ஓரம் வழவழப்பாக இருந்தாலும் பார்க்கிறவருக்கு அது கொழுந்துதான். நரம்பு வேண்டுமென்றால் கடைசியில் ஒரு நூலோட்டம் விட்டுக்கொள்ளலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். சின்னதாக இருந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து 3 சென்ரிமீற்றரில் இலை வெட்டுகிறார்கள். இலை சின்னதாகச் சின்னதாக வளைவு இறுகும், கூர் மெலியும், மடிக்கிற துணி உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதல் இலை 8 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் அகலமும் இருக்கட்டும். மொட்டின் நுனியும் ஊசிமுனை மாதிரி வேண்டாம், கொஞ்சம் தடித்தே இருக்கட்டும்.

துணி

சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டுகளைத்தான் பெரும்பாலும் எடுத்து வருகிறார்கள். விலை கட்டுப்படியாகும், நிறங்களும் ஆசையைக் கிளப்பும். ஆனால் அதில் பாதி டீ சேர்ட் துணி, இழுத்தால் நீளும். நீளுகிற துணியில் வெட்டிய வட்டம், தைத்து முடிக்கையில் முட்டையாகி இருக்கும். வழுக்குகிற சட்டின் துணி மடிப்பிலேயே நிற்காது. கைத்தறி பார்க்க அழகு, ஆனால் நெசவு தளர்ந்ததால் வெட்டிய ஓரம் உதிர்ந்துகொண்டே இருக்கும். முதல் வேலைக்குப் பருத்திப் பொப்ளின், இல்லையென்றால் நெருக்கமாக நெய்த சீத்தை. நல்ல பத்திக் துண்டு கிடைத்தால் அதுவும் தங்கம்தான், பத்திக் போடுகிற பருத்தி நெருக்கமான நெசவு. சந்தேகமாக இருந்தால் வெட்டிய ஓரத்தை நகத்தால் பத்துத் தடவை சுரண்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு நூல் வந்தால் பரவாயில்லை. தாடி மாதிரி விட்டால் அந்தத் துணியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவாத துணியில் தைப்பதுதான் மலையகத்தில் நாங்கள் அதிகம் செய்கிற பிழை. காரணம் சோம்பல் இல்லை, எங்கள் வானிலை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு மூன்று நாளானாலும் காயாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை காய வைக்கவே அடுப்பங்கரையில் இடம் போதாது, இதில் வெட்டுத்துண்டை எங்கே காயப் போடுவது என்று விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன். வெள்ளைப் பொப்ளினில் சிவப்புச் செம்பருத்தி வைத்துப் பொங்கலுக்கு ஒரு தலையணை உறை தைத்தேன். ஒரு மாத வேலை. முதல் கழுவலிலேயே பூவைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஊறிவிட்டது. போதாததற்கு, பின்துணி சுருங்கிப் பூவும் புடைத்து நின்றது. புதுப் பருத்தி முதல் கழுவலில் 100 சென்ரிமீற்றருக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை சுருங்கக்கூடும். மேல்துணியும் கீழ்த்துணியும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. சிவப்பு, கறுப்பு, கடும்நீலம், பத்திக் இவற்றைத் தனித்தனியாகக் கழுவுங்கள். பிறகு ஈரத் துணியை வெள்ளைத் துண்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும். எத்தனை தரம் கழுவினாலும் விடுகிற நிறத்தை வெள்ளைக்கு மேல் வைக்கவே கூடாது. முழுதாகக் காயும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அரைக் காய்ச்சலில் எடுத்து, நூல் போகிற திசையிலேயே அயன் பண்ணிவிட்டால் துணி நேராகவும் நிற்கும்.

ஈரத்தோடு சேர்ந்த இன்னொரு பிழை, குண்டூசியைத் துணியிலேயே விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வரை சுருட்டி வைப்பது. பனிக் காற்றுக்கு ஒரு கிழமை போதும், ஊசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி விழும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் துரு கொஞ்சம் போகும், கூடவே துணியின் நிறமும் போகும். வீட்டுக்குப் போகும் முன் குண்டூசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெரிய பெரிய ஓட்டுத் தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசிகளை மூடி இறுகிய சின்னத் தகர டப்பாவில் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒரு பொட்டலத்தில் வருமே, அதையும் உள்ளே வைத்துவிட்டால் நல்லது.

வெட்டும்போது

கோட்டின் மேலேயே வெட்டி வருகிறவர்கள் உண்டு. மடிக்க ஒன்றும் மிஞ்சாது. பயத்தில் ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுகிறவர்களும் உண்டு. அது வளைவில் திரண்டு கட்டியாகும். கோட்டுக்கு வெளியே 5 அல்லது 6 மில்லிமீற்றர் போதும். முதல் சில துண்டுகளுக்கு அடிமட்டத்தால் அளந்து புள்ளி வையுங்கள், பிறகு கண் பழகிவிடும். கோட்டைப் போல்பொயின்ற் பேனாவால் போட வேண்டாம், ஈரம் பட்டதும் மை பரவும். பென்சிலால் மெல்லியதாக, கறுப்புத் துணியென்றால் தேய்ந்த சோப்புத் துண்டால். தண்ணீரில் போகிற நீலப் பேனா வாங்கியவர்கள், கோடு போகும் முன் அயன் வைக்காதீர்கள். சூடு பட்டால் அந்தக் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

பின்துணியைச் சரியான அளவுக்கு வெட்டுவதும் பிழைதான். தைக்கத் தைக்க அது கொஞ்சம் உள்ளே இழுபடும். நாலு பக்கமும் 2, 3 சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டி, முடிந்த பிறகு அளவாக்குங்கள்.

கத்தரியால் ஓரத்தில் சின்ன வெட்டுப் போடும் விடயத்தில்தான் கூடுதலாகக் குழம்புகிறார்கள். உள்ளே குழிகிற வளைவுக்குத்தான் வெட்டு வேண்டும். மடிக்கும்போது அங்கே துணி விரிய இடம் கேட்கும். கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் முன்னால் நிற்கிற மாதிரி, நெருக்க நெருக்கமாகப் போடுங்கள். வெளியே புடைக்கிற வளைவுக்கு வேண்டாம். அங்கே வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் ஒரு மூலையாகித் துருத்தி, வட்டம் பலகோணமாகும். இரண்டு இலை சேர்கிற உட்பள்ளத்தில் ஒரே ஒரு வெட்டு, அதுவும் தைத்துக்கொண்டு அந்த இடத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான். முதலிலேயே வெட்டி வைத்தால் கைபட்டுக் கைபட்டு அது பிசிறிவிடும்.

எம்மிங் தெரிந்த கை

முதலில் நூல். பூக்காரர் அளக்கிற ஒரு முழம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அதற்கு மேல் எடுத்தால் முறுக்கி முடிச்சு விழும், துணிக்குள் போய்வந்து தேய்ந்தும் போகும். ஒற்றை நூல்தான், இரட்டை வேண்டாம். நிறம் மேலே வைக்கிற துண்டுக்குப் பொருந்த வேண்டும். பின்துணிக்குப் பொருத்தி எடுத்தவர்களின் பச்சை இலையைச் சுற்றி வெள்ளைப் புள்ளி வரிசையாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். ஊசி 10 அல்லது 11ஆம் இலக்கம். இலக்கம் கூடக் கூட ஊசி மெலிசு என்பது தெரியாமல் பலரும் தடித்த ஊசியை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

கவுன் விளிம்புக்கு எம்மிங் போட்டுப் பழகியவர்கள் அதே தையலை இங்கேயும் போடுவார்கள். எம்மிங்கில் நூல் சரிந்து போகும். உள்பக்கம் என்பதால் யாருக்கும் தெரியாது. அப்ளிக்கில் அந்தச் சரிவு முகத்திலேயே தெரியும். மடிப்பின் விளிம்பில், இரண்டு நூலிழையை மட்டும் பிடித்து ஊசியை மேலே எடுங்கள். வெளியே வந்த இடத்துக்கு நேர் எதிரே, மடிப்பை உரசிக்கொண்டே பின்துணிக்குள் இறக்குங்கள். நடை எல்லாம் அடிப்பக்கத்தில்தான். கீழே 2 மில்லிமீற்றர் போய் மறுபடி விளிம்பில் மேலே வாருங்கள். முகத்தில் ஒரு புள்ளிக்கு மேல் தெரியக் கூடாது. இழுக்கும்போது நூல் படிந்தால் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் துணி சுருங்கிக் கொசுவும்.

முழு இலையின் ஓரத்தையும் முதலிலேயே மடித்து வைக்கத் தேவையில்லை. தைத்துக்கொண்டு போகிற இடத்துக்கு முன்னால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் மட்டும் ஊசிமுனையால் உள்ளே தள்ளி, இடது பெருவிரலால் அமத்திப் பிடியுங்கள். தொடக்கத்தைக் கூரில் வைக்காதீர்கள், நேராகப் போகிற பக்கத்தில் தொடங்குங்கள். கூருக்கு வந்ததும் நுனியில் ஒரு தையல் கூடப் போட்டு, உள்ளே திரண்ட துணியைக் கொஞ்சம் நறுக்கி, நுனியை நேராகக் கீழே மடித்து, பிறகு அடுத்த பக்கத்தை மடியுங்கள். கூர் மழுங்குவது பெரும்பாலும் இந்த நறுக்கலை விட்டுவிடுவதால்தான்.

எதை முதலில் தைப்பது என்பதும் முக்கியம். அடியில் இருப்பது முதலில்: தண்டு, பிறகு இலை, கடைசியில் மொட்டு. இலைக்கு அடியில் மறைகிற தண்டு நுனியை மடிக்கத் தேவையில்லை, தட்டையாகவே விடுங்கள். தண்டு வளைய வேண்டுமென்றால் பட்டியைத் துணியில் குறுக்காக, 45 பாகைச் சாய்வில் வெட்டுங்கள். நேராக வெட்டிய பட்டி எவ்வளவு அயன் பண்ணினாலும் வளைய மறுக்கும்.

பின்நேரம் பனி இறங்கினால் சனசமூக நிலையத்துக்குள் இருட்டிவிடும். பச்சைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைக்காதீர்கள். கறுப்பு வேலையைக் காலையில் சன்னலோரம் முடித்துவிட்டு, பின்நேரத்துக்கு வெளிர்நிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிற அக்காமார் சிலர் முதல் நாள் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறார்கள். கறுத்த கறையும் வெடிப்பும் உள்ள விரலால் வெள்ளைத் துணியைத் தொடத் தயக்கம். தொடுங்கள். முந்தின இரவு தேங்காய் எண்ணெய் பூசிப் படுத்து, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் வெடிப்பில் நூல் சிக்குவது குறையும். கொழுந்துக் கறை தோலுக்குள் ஊறியது, காய்ந்த கையிலிருந்து துணிக்கு இறங்காது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்கிற பக்குவத்தை வகுப்பில் மற்றவர்களுக்கு நான் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு அந்தப் பாடம் தேவைப்படுவதில்லை.

தைத்து முடித்ததும் மேலிருந்து அயனை வைத்து அமத்திவிடாதீர்கள். உள்ளே மடித்த விளிம்பின் தடம் முகத்தில் பளபளவென்று எழும்பும், இலை தட்டையாகிவிடும். ஒரு தடித்த துவாயை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் துண்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் அயனை வைத்து வைத்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். திருப்பிப் பார்க்கும்போது இலை சற்றே உப்பி, துணியின் மேல் எழும்பி நிற்கும்.