தடோபாவில் புலி பார்க்கப் போகிறீர்களா? முதலில் எந்த கேட் என்று முடிவு செய்யுங்கள்

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் இருக்கும் தடோபா, சென்னையிலிருந்து ரயில் மாறாமல் போகக்கூடிய புலிக்காடு. டில்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டும் பல்லார்ஷாவில் நிற்கும். அங்கிருந்து சந்திரபூர் வழியாக, காட்டின் நுழைவாயில்களில் ஒன்றான மொஹர்லி கேட்டுக்கு டாக்சியில் ஒரு மணி நேரம் ஆகும்.

பலர் முதலில் அறையை எடுத்துவிட்டு, பிறகு கிடைத்த கேட்டில் சஃபாரி போடுகிறார்கள். மொஹர்லி தெற்கே, கோலாரா வடக்கே. நடுவில் காடு. மொஹர்லியில் தங்கி கோலாராவில் காலை சஃபாரி என்றால், வெளியே சுற்றிக்கொண்டு இரண்டு மணி நேரமாவது இருட்டில் ஓட வேண்டும். அதனால் வனத்துறை இணையதளத்தில் முதலில் சஃபாரியை உறுதி செய்யுங்கள், அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் அறை பாருங்கள். ஒரு ஜிப்ஸியில் (சஃபாரிக்கான திறந்த ஜீப்) ஆறு பேர் போகலாம். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். எண் பொருந்தாவிட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஜூலை முதல் செப்டம்பர் வரை உட்காடு, அதாவது காட்டின் மையப் பகுதி, மூடியிருக்கும். புலிதான் குறி என்றால் ஏப்ரல், மே மாதங்களே சரி. தேக்கு இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். தண்ணீர் சில இடங்களில்தான் மிஞ்சும். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, புழுதிக்கு ஒரு துண்டு கட்டாயம். டிசம்பரில் போனால் திறந்த ஜிப்ஸியில் விடிகாலைக் குளிர் ஊசியாகக் குத்தும், ஸ்வெட்டரோடு காது மூடும் குல்லாவும் வேண்டும். உட்காட்டில் செல்போனுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்கக் கேமராதான்.

நான்கு சஃபாரியாவது போடுங்கள், அதுவும் ஒரே கேட்டில். நேற்று மாலை மான் அடித்த புலி இன்று காலையும் பெரும்பாலும் அந்த இரையை விட்டு நகராது. கேட்டை மாற்றினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

உள்ளே போனதும் சாலைப் புழுதியைக் கவனியுங்கள். புலியின் தடத்தின் மேல் டயர் கோடு ஓடியிருந்தால் அது பழசு. டயர் கோட்டின் மேல் தடம் பதிந்திருந்தால், கடைசி வண்டி போன பிறகு புலி நடந்திருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ‘காடி பந்த் கரோ’ என்றால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிடுவார். இன்ஜின் ஓடும்வரை காட்டின் குரல் காதில் விழாது.

புலியைக் கண்டால் மற்ற விலங்குகள் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். அதில் புள்ளிமான் கீச்சென்று கத்துவதை மட்டும் நம்பி ஓடாதீர்கள், அது சந்தேகத்துக்கும் கத்தும். மரத்து உச்சியில் மந்தி ‘கக், கக்’ என்று இருமினால் அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். கடமான் அடித்தொண்டையில் ‘டாங்க்’ என்று விட்டுவிட்டுக் கத்தினால் எங்கேயும் நகராதீர்கள். அது பெரும்பாலும் பொய்க்காது.

இன்னொரு கேட் பக்கம் புலி வந்ததாம் என்று கேட்டதும் எல்லா வண்டியும் பறக்கும். போய்ச் சேர்வதற்குள் புலி மூங்கிலுக்குள் போயிருக்கும், எஞ்சுவது புழுதிதான். கோடையில் அந்த நாற்பது நிமிடத்தை ஒரு நீர்நிலையின் ஓரம் சும்மா உட்கார்ந்து செலவிடுவது எவ்வளவோ மேல். வந்தால் புலி பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் தண்ணீரில் இறங்கும்: முதலில் வால், பிறகு இடுப்பு, முகம் மட்டும் நனையாமல் வெளியே இருக்கும்.

புலி சாலையிலேயே எதிரே நடந்து வந்தால் எழுந்து நிற்காதீர்கள், பேசாதீர்கள். ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விடட்டும். குறுக்கே நிறுத்தச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டாம். வழி மறித்தால் அது சட்டென்று ஓரக்காட்டுக்குள் திரும்பிவிடும். வழி விட்டால் மரத்துக்கு மரம் நின்று, முகர்ந்து, சிறுநீர் பீய்ச்சி எல்லை குறித்தபடி நிதானமாக உங்கள் முன்னால் நடந்து வரும்.