வீட்ல சுண்டெலியா? பொறி வாங்க ஓடாதீங்க, முதல்ல இதைப் பண்ணுங்க

போன நவராத்திரிக்கு கொலு பொம்மை எடுக்கலாம்னு லாஃப்ட்ல ஏறி அட்டைப்பெட்டியைத் திறந்தா, தசாவதார செட்டைச் சுத்தி வச்சிருந்த பழைய வேட்டியெல்லாம் பஞ்சு பஞ்சா கிழிஞ்சு கிடக்கு, அதுக்கு நடுவுல கண்ணு கூட திறக்காத ரோஸ் கலர் குட்டிங்க ஆறு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. கீழ ஏணியைப் புடிச்சிட்டு நிக்கிற அத்தை, "என்னம்மா, வாமனர் உடைஞ்சிட்டாரா"ன்னு கேக்குறாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே ராத்திரில சரசரன்னு சத்தம் கேட்டுட்டுதான் இருந்துச்சு, பல்லியா இருக்கும்னு விட்டுட்டோம். அப்புறம் பயந்து போய் கூண்டு வாங்கினேன், பசை அட்டை வாங்கினேன், எலியை விரட்டும்னு சொல்லி விக்கிற, பிளக்ல மாட்டுற சவுண்ட் மெஷின் கூட வாங்கினேன், மூணு மாசம் போராட்டம். இப்ப திரும்பிப் பாத்தா எல்லாத்தையும் தலைகீழா பண்ணிருக்கேன். எங்க வீடு திருச்சில உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம், கிரவுண்ட் ஃப்ளோர், வாடகை வீடு, அதனால ஓனரைக் கேக்காம செவுத்துல ஒரு ஆணி கூட அடிக்க முடியாது, அப்படியும் சமாளிச்சாச்சு. என்ன வரிசைல பண்ணணும்னு மட்டும் சொல்றேன்.

ஸ்டெப் 1: வந்திருக்கிறது யாருன்னு பாருங்க

எல்லாத்தையும் எலின்னு சொல்லிடுறோம், ஆனா ஆளைப் பொறுத்து வைத்தியம் மாறும். புழுக்கையைப் பாத்தாலே தெரிஞ்சிடும். அரிசி மணி சைஸ்ல, 3லேர்ந்து 6 மில்லிமீட்டர்ல, முனை கூரா இருந்தா சுண்டெலி. அரை இஞ்சு நீளத்துல தடியா இருந்தா பெரிய எலி. தோட்டத்துல, சாக்கடை ஓரத்துல மண்ணைக் குமிச்சு வளை தோண்டி வச்சிருந்தா அது பெருச்சாளி, அதுக்கு சின்ன பொறியெல்லாம் வேலைக்கே ஆகாது.

இன்னொருத்தர் இருக்காரு, மூஞ்சூறு. மூக்கு நீளமா இருக்கும், கண்ணு தம்மாத்தூண்டு, செவுத்தை ஒட்டியே கீச் கீச்னு கத்திக்கிட்டு ஓடும், கிட்ட போனா ஒரு மாதிரி நாத்தம் வரும். இது எலி இனமே கிடையாது, பல்லு அமைப்பே வேற. கரப்பான், பூச்சின்னு தின்னுட்டுப் போயிடும், துணியையும் வயரையும் கடிக்காது. அத்தை இதைப் பாத்தா பிள்ளையார் வாகனம்னு கும்பிடுவாங்க, நான் கரப்பான் தொல்லை குறையுதேன்னு கும்பிடுறேன். கதவைத் திறந்து விட்டா அதுவே போயிடும், அடிக்காதீங்க.

புழுக்கை எங்கயும் கண்ல படல, ஆனா சந்தேகமா இருக்குன்னா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அடுப்பு மேடைக்கு அடியில, ஃப்ரிட்ஜ் பின்னாடி, கதவு ஓரத்துல கல்லு கோலப்பொடியை லேசா தூவி விடுங்க. அரிசிமாவு வேணாம், அது விருந்து வச்ச மாதிரி ஆயிடும். காலைல பாத்தா குட்டி குட்டி கால் தடம், நடுவுல வால் இழுத்த கோடு, எங்கேர்ந்து வந்து எங்க போகுதுன்னு ரூட் மேப்பே போட்டு வச்சிருக்கும். இந்த ரூட்டை மறந்துடாதீங்க, ஸ்டெப் 3லயும் 4லயும் இதுதான் வேணும்.

ஸ்டெப் 2: சாப்பாட்டை நிறுத்துங்க

சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 3, 4 கிராம் தீனி இருந்தா போதும், அதாவது நாம சிந்துற மிக்சர் தூளே அதுக்கு ஃபுல் மீல்ஸ். தண்ணி கூட பெருசா தேவைப்படாது. அதனால சிங்க்ல எச்சித் தட்டை ராத்திரி முழுக்க போட்டு வைக்கிறது, குப்பைத் தொட்டியை மூடாம விடுறது, ரேஷன் அரிசியைச் சாக்கோட மூலைல சாத்தி வைக்கிறது, இதெல்லாம் முதல்ல நிக்கணும். மெல்லிசான பிளாஸ்டிக் டப்பாவை நம்பாதீங்க, ஓரத்தைச் சுரண்டி ஓட்டை போட்டுடும். எவர்சில்வர் தூக்கு, மூடி போட்ட டிரம், கண்ணாடி பாட்டில், இதுங்கதான் சரி.

யாரும் யோசிக்காத இடம் பூஜை ரூம். விளக்குல எண்ணெய்ல ஊறின திரி அதுக்கு அல்வா மாதிரி, எரிஞ்சிட்டு இருக்கிற திரியையே இழுத்துட்டு ஓடினா வீடே பத்திக்கும், படுக்கும்போது விளக்கைக் குளிர வச்சுட்டு திரியை எடுத்துடுங்க. உடைச்ச தேங்காய் மூடி, நைவேத்தியம் வச்ச வெல்லம், பாத்ரூம்ல இருக்கிற சோப்புக்கட்டி, எல்லாமே அதோட மெனுல உண்டு. நாய் வளர்க்கறவங்க ராத்திரி சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவி வச்சிடுங்க.

ஸ்டெப் 3: ஓட்டையை அடைங்க (இதுதான் மெயின் வேலை, மத்ததெல்லாம் சைடு)

ஒரு பென்சில் நுழையிற சந்து, அதாவது 6 மில்லிமீட்டர் இருந்தா போதும், சுண்டெலி உடம்பைச் சுருக்கி உள்ள வந்துடும். நான் முதல்ல இதை நம்பல. நீங்க எத்தனை எலி வேணா புடிங்க, ஓட்டை திறந்திருந்தா அடுத்தது வந்துட்டே இருக்கும். ஒரு பொட்டைச் சுண்டெலி மூணு வாரத்துல குட்டி போடும், ஒரு ஈத்துக்கு அஞ்சாறு, அதுங்க ஒன்றரை மாசத்துல அடுத்த தலைமுறைக்கு ரெடி, கூண்டு வச்சே இந்தக் கணக்கை ஜெயிக்க முடியாது.

ஒரு பென்சிலும் டார்ச் லைட்டும் எடுத்துக்கோங்க. ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு வெளிப்பக்கம் லைட்டைப் போட்டா கதவுக்கு அடியில எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு தெரியும். அப்புறம் தரையோட தரையா உக்காந்து பாருங்க, நின்னுட்டுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. சிங்க்குக்கு அடியில பைப் செவுத்துக்குள்ள போற இடம், ஸ்ப்ளிட் ஏசியோட காப்பர் பைப் வெளிய போற ஓட்டை, கேஸ் சிலிண்டர் வெளிய இருந்தா டியூப் வர்ற ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன், கேபிள் வயர் வர்ற ஜன்னல் மூலை, பாத்ரூம் தண்ணி போற ஜாலி. எங்க வீட்ல ஏசி ஓட்டைதான் ராஜபாட்டை. பிளாஸ்டர் பண்ணாம துணியைச் சுருட்டி சொருகி வச்சிருந்தாங்க, அந்தத் துணியையும் கிழிச்சு கொலு பெட்டி மெத்தைல சேத்திருக்கு!

அடைக்க என்ன வேணும்னா, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒரு நாலு, எம்-சீல் (பிசைஞ்சு பூசினா கல்லு மாதிரி இறுகுற பசை) ரெண்டு பாக்கெட், கொஞ்சம் ஒயிட் சிமெண்ட், அப்புறம் ஹார்டுவேர் கடைல ஜிஐ வலைன்னு (இரும்புக் கம்பி வலை) கேளுங்க, அதோட கண்ணு 6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். முதல்ல கம்பி நாரை ஓட்டைக்குள்ள நல்லா இறுக்கித் திணிங்க, அதுக்கு மேல எம்-சீலையோ சிமெண்டையோ பூசுங்க. வெறும் துணி, தெர்மாகோல், ஃபோம் ஸ்ப்ரே இதெல்லாம் தனியா போட்டா ஒரே ராத்திரில கடிச்சு எறிஞ்சுடும், அதோட முன்பல்லு வாழ்நாள் முழுக்க வளர்ந்துட்டே இருக்கும், அதனால எதையாவது கொறிச்சுட்டேதான் இருக்கும். ஜன்னல்ல கொசுவலை பிளாஸ்டிக்ல இருந்தா கீழ் ஓரம் மட்டுமாவது கம்பி வலையா மாத்துங்க. கதவுக்கு அடியில பிரஷ் வச்ச அலுமினியப் பட்டி கடைல கிடைக்கும், அளவெடுத்து வெட்டி ஸ்க்ரூ பண்ணிடலாம்.

வாடகை வீட்ல இருக்கறவங்க ஓனர்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. "அண்ணே, எலி வயரைக் கடிச்சா ஷார்ட் சர்க்யூட் ஆயிடும்"னு சொன்னேன், எங்க ஓனர் அவரே கொத்தனாரை அனுப்பி வச்சுட்டாரு.

அப்படியே கேஸ் டியூபையும் ஒரு தடவை தடவிப் பாத்துடுங்க. உள்ள கம்பி வலை வச்ச ஆரஞ்சு கலர் டியூபா இருக்கணும், பழைய ரப்பர் டியூப் இருந்தா இன்னைக்கே மாத்துங்க, கடிச்ச தடம் தெரிஞ்சா ரெகுலேட்டரை ஆஃப் பண்ணிட்டு ஏஜென்சிக்கு ஃபோன் போடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

ஸ்டெப் 4: உள்ள மாட்டினதைப் புடிங்க

இப்பதான் பொறி. எங்க பாட்டி பொறி வைக்கும்போது "எலி"ன்னு வாயால சொல்லவே மாட்டாங்க, அதுக்குக் காது கேட்டுடுமாம், "அதுக்கு வடை வாங்கிட்டு வா"ன்னு சைகைல பேசுவாங்க. கேக்குதோ இல்லையோ, வைக்கிற இடம் சரியா இருந்தா மாட்டிக்கும்.

சுண்டெலி நடு ஹால்ல நடக்காது, மீசையால செவுத்தைத் தடவிக்கிட்டே ஓரமாப் போகும். அதனால கோலப்பொடில பாத்த ரூட்லயே, செவுத்தை ஒட்டி வைங்க. மரப்பலகைல ஸ்பிரிங் வச்ச அடிக்கிற பொறின்னா தீனி இருக்கிற பக்கம் செவுத்தைப் பாத்து இருக்கணும், இங்கிலீஷ் T எழுத்து மாதிரி. ஒண்ணு வச்சுட்டு காத்திருக்காதீங்க, ஆறேழு வாங்கி ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு வைங்க. குழந்தைங்க இருந்தா ஒரு ஷூ பாக்ஸ்ல ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு அதுக்குள்ள வைங்க, விரல் மாட்டினா நகமே போயிடும்.

கூண்டு வாங்கறதா இருந்தா கம்பிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. நான் வாங்கினது பெரிய எலிக்கான கூண்டு, மூணு நாளா வடை காணாம போகுது, கதவும் சாத்தியிருக்கு, உள்ள யாரும் இல்ல, அத்தை பேய்னே முடிவு பண்ணிட்டாங்க. கடைசில பாத்தா சுண்டெலி ஜம்முன்னு தின்னுட்டு கம்பி சந்துல வெளிய போயிருக்கு.

தீனிக்கு மசால் வடை நல்லாதான் இருக்கும், ஆனா எனக்கு வேலை செஞ்சது சுட்ட தேங்காய். ஒரு சில்லை அடுப்புல காட்டி லேசா கருக விட்டா வாசனை வீடு முழுக்க போகும். கருவாட்டுத் தலை, கடலை மிட்டாய் துண்டு கூட ஓகே. வேர்க்கடலை அளவு போதும், நிறைய வச்சா ஓரத்துல கடிச்சுட்டு ஓடிடும், நூலால கொக்கியோட கட்டிடுங்க, இழுத்தாதான் பொறி விழும். பெரிய எலி மட்டும் புதுசா எதைப் பாத்தாலும் சந்தேகப்படும், அதுக்கு ரெண்டு மூணு நாள் பொறியை செட் பண்ணாம வெறும் தீனி மட்டும் வச்சுப் பழக்குங்க, அப்புறம் செட் பண்ணுங்க. உயிரோட மாட்டினதைப் பக்கத்துத் தெருல விட்டா திரும்பி வந்துடும், இல்லன்னா அந்தத் தெருக்காரங்க உங்களைத் தேடி வருவாங்க.

பசை அட்டை வேணாம்ங்க. அதுல ஒட்டின எலி ஒரு ராத்திரி முழுக்க கத்தின சத்தம் இன்னும் காதுல இருக்கு. காலைல ஒரு பல்லியும் கூடவே ஒட்டிக் கிடந்துச்சு, சமையல் எண்ணெய் ஊத்தி மெதுவா எடுத்தும் பொழைக்கல.

சவுண்ட் மெஷினும் வேஸ்ட். 2001லயே அமெரிக்கால ஃபெடரல் டிரேட் கமிஷன் (பொய் விளம்பரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) இந்த மெஷின் விக்கிற 60க்கும் மேற்பட்ட கம்பெனிங்களுக்கு ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை அனுப்பிருக்கு, நான் 2024ல காசு கொடுத்து வாங்கிட்டு வர்றேன். எங்க வீட்டு எலி அந்த பிளக்குக்குக் கீழயே புழுக்கை போட்டுட்டுப் போச்சு.

மருந்து வைக்கலாமா?

என் பதில் வேணாம். கடைல "தின்னுட்டு தண்ணி தேடி வெளிய போய் செத்துடும்"பாங்க, அது சும்மா. புரோமடியோலோன் கேக் ரத்தத்தை உறைய விடாம பண்ற மருந்து, தின்ன எலி சில நாள் கழிச்சு எங்க இருக்கோ அங்கயே சாகும், லாஃப்ட்ல பெட்டிக்குப் பின்னாடி செத்தா அந்த நாத்தத்துல நீங்கதான் வெளிய போகணும். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் ஈரலையே காலி பண்ணிடும், அதனால தமிழ்நாடு அரசு அதைத் தடையே பண்ணிடுச்சு, எங்கயாவது கடைல கொடுத்தாலும் வாங்காதீங்க. சில மருந்துங்க ஈரம் பட்டா விஷ வாயுவை விடும். 2024 நவம்பர்ல சென்னை குன்றத்தூர்ல எலி மருந்து வச்ச வீட்ல ஏசியைப் போட்டுட்டு தூங்கின குடும்பத்துல ரெண்டு சின்ன குழந்தைங்க இறந்துபோன செய்தியைப் படிச்சதுலேர்ந்து எனக்கு அந்தப் பேச்சே வேணாம்னு ஆயிடுச்சு. ஆள் வச்சுதான் ஆகணும்னா என்ன மருந்து, எந்த ரூம்ல, எத்தனை நாள் அங்க படுக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கோங்க. யாராவது தெரியாம தொட்டு வாயில வச்சுட்டா வீட்டு வைத்தியம் பாக்காம 108க்குக் கூப்பிடுங்க, மருந்து பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஸ்டெப் 5: சுத்தம் பண்றது

புழுக்கையைப் பாத்ததும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, தூசி பறந்து மூக்குக்குள்ள போயிடும். கிளவுஸ், மாஸ்க் போட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. ஒரு பங்கு பிளீச்சிங் லிக்விடுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து மேல தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, பேப்பரால வழிச்சு எடுத்து கவர்ல கட்டிப் போடுங்க. பிளீச்சிங்கோட டாய்லெட் கிளீனரைக் கலந்துடாதீங்க, கேஸ் வரும். எலி மூத்திரத்துலேர்ந்து எலிக்காய்ச்சல் வரும், கால்ல வெட்டுக்காயம் இருந்தா வேலையை வேற யார்கிட்டயாவது கொடுங்க. அதுக்கப்புறம் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா டாக்டர்கிட்ட வீட்ல எலி இருந்துச்சுன்னு சொல்லுங்க, நாமளா சொன்னாதான் அவங்களுக்குத் தெரியும்.

கொலு பொம்மை இப்ப மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டில, லாஃப்ட்லேர்ந்து இறங்கி அலமாரிக்கு வந்தாச்சு, அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் கட்டு எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு.

கடைசியா மாட்டினதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் கோலப்பொடி தூவிட்டே இருங்க, தடமே இல்லன்னா முடிஞ்சுது. எங்க வீட்ல முடிஞ்சு நாலு மாசம் நிம்மதியா இருந்தோம், சித்திரைல ஏசி சர்வீஸுக்கு வந்த தம்பி பைப்பை இழுக்கறதுக்காக நான் பூசின எம்-சீலை உடைச்சுட்டு அப்படியே போயிட்டான், ரெண்டாவது நாளே ஃப்ரிட்ஜ் பின்னாடி அரிசி மணி சைஸ்ல நாலு. அதனால இப்ப டிராயர்ல எப்பவும் ஒரு எம்-சீல் பாக்கெட்டும் ரெண்டு கம்பி நாரும் கிடக்குது.