ஒன்று, இரண்டு, பளிச்: மாடியிலிருந்து செயற்கைக்கோள் சுழற்சி அளப்பது

மொட்டைமாடி, ஒரு 10×50 பைனாகுலர், போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச். செத்துப்போன செயற்கைக்கோள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க எனக்கு இதற்குமேல் தேவைப்பட்டதில்லை.

கட்டுப்பாட்டில் இருப்பவை பெரும்பாலும் சீராக நகர்ந்து போய்விடும். கைவிடப்பட்டவைதான் மினுக்கும். எனக்குப் பிடித்தது டோபெக்ஸ்/பொசைடான். கடல்மட்டத்தை அளக்க அமெரிக்காவும் பிரான்சும் 1992-ல் அனுப்பியது, 2006-ல் ஓய்ந்தது. 1,300 கி.மீ.க்கும் மேலே மெதுவாகக் கடப்பதால் நிதானமாக எண்ணலாம். ஒரே பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் சூரியத் தகட்டை வெயில் தள்ளித் தள்ளியே, சுமார் 11 நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவுக்கு முடுக்கிவிட்டது. வெயிலில் ஓடுகிற காற்றாடி!

ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால் வரும் நேரமும் திசையும் கிடைக்கும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து வருவதாகப் பாருங்கள். நமக்கு இருட்டு, அதற்கு வெயில்.

ஒவ்வொரு முறை பளிச்சென்றதும் ஸ்டாப்வாட்சின் லேப் பொத்தானை (ஓட்டத்தை நிறுத்தாமல் இடைநேரத்தைக் குறிப்பது) அழுத்துங்கள். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் கைத்தாமதமே 0.2 நொடி தின்றுவிடும். 20 சுற்று எண்ணி, மொத்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் அதே பிழை 0.01 நொடி ஆகிவிடும். நடுவில் ஒரு மினுக்கலைத் தவறவிட்டால் பதற வேண்டாம். அந்த லேப் மட்டும் இரட்டிப்பாக நிற்கும், இரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் சறுக்கியது வேறிடத்தில். ஒரு ராக்கெட் உருளைக்கு (எரிந்து முடிந்து சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட் பாகம்) 8 நொடி என்று நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள் வீடியோவை ஓட்டிப் பார்த்தால், ஒன்றுவிட்டு ஒன்று மங்கல். குட்டிக்கரணம் போடும் உருளை ஒரு சுற்றில் இரண்டு விலாவையும் காட்டும். ஆக, சுற்று 16 நொடி. அன்றிலிருந்து ஒவ்வொரு லேப் பக்கத்திலும் ‘பெ’, ‘சி’ என்று குறிக்கிறேன்: பெரிய பளிச், சின்ன பளிச்.

இனிதான் ருசியான பகுதி. தகடு எப்போது பளிச்சிடும்? அதன் முகம், சூரியன் இருக்கும் திசைக்கும் நாம் இருக்கும் திசைக்கும் நட்டநடுவே திரும்பும்போது. செயற்கைக்கோளிலிருந்து சூரியனுக்கு ஒரு அலகு வெக்டர் (நீளம் 1 உள்ள திசை அம்பு), உங்களுக்கு ஒன்று, இரண்டையும் கூட்டினால் அந்த நடுத்திசை. மினுக்கிய கணத்தில் தகடு எங்கே பார்த்தது என்பது கையில் வந்துவிட்டது.

ஆனால் செயற்கைக்கோள் ஓடுகிறது, நடுத்திசையும் கூடவே திரும்புகிறது. டோபெக்ஸ் தலைக்கு மேலே போகும்போது, 20 சுற்றுக்குள் அது ஏறக்குறைய 30 பாகை திரும்பிவிடும், அதாவது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதனால் விடை 0.05 நொடி வரை கூடலாம், குறையலாம். ஸ்டாப்வாட்ச் பிழையைப்போல் ஐந்து மடங்கு. தகடு சுழலும் பக்கமே நடுத்திசையும் போனால் பளிச் பிந்தும், எதிர்ப்பக்கம் போனால் முந்தும்.

இந்த வித்தியாசம்தான் சுழலும் அச்சைக் காட்டிக்கொடுக்கிறது. எக்செல்லில் அச்சுத் திசையைப் பத்துப் பத்துப் பாகையாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் இந்த முந்தல் பிந்தலைக் கழித்துத் திருத்திய சுற்று நேரத்தைப் போடுகிறேன். எந்தத் திசைக்கு எல்லா இரவுகளின் நேரமும் ஒன்றாகிறதோ, அதுதான் அச்சு. ஒரே வாரத்துக்குள் மூன்று இரவாவது வேண்டும், ஏனென்றால் சுழற்சியே மெல்ல மாறிக்கொண்டிருக்கும். வடக்கே தாழப் போவது ஒன்று, தெற்கே ஒன்று என்று கலந்து எடுங்கள். ஒரே மாதிரிப் பாதைகளாக அடுக்கினால், ஒன்றுக்கு இரண்டு அச்சுகள் பொருந்துவதுபோல் வந்து நிற்கும்.