முதுகுத் தேமல் – என் அனுபவம்

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேர்த்து ஊற்றும். அப்படியொரு வெக்கைக் காலத்தில் என் முதுகிலும் தோளிலும் வெளிறிய புள்ளிகள் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்தன. அரிப்புப் பெரிதாக இல்லை. சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. தொழுநோயோ என்று அம்மாவுக்கு ஒரே பயம்.

தோல் டொக்டர் முதலில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தொழுநோயென்றால் அந்த இடம் மரத்திருக்குமாம். உணர்ச்சி இருந்தது, அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. பிறகு செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பூஞ்சையின் குட்டை இழைகளும் உருண்டை வித்திகளும் கூட்டமாகத் தெரிந்தனவாம். தேமல்தான். அதற்குக் காரணமான மலசீசியா என்ற மதுவம் (ஒரு வகைப் பூஞ்சை) எல்லோர் தோலிலும் இருப்பது. வெக்கை, வேர்வை, எண்ணெய்ப்பசை சேர்ந்தால் பெருகிவிடும். மற்றவருக்குத் தொற்றாது. இதை அம்மாவுக்கு அவரே விளக்கிச் சொன்னது பெரிய உதவி.

மருந்து 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷம்பு. தலைக்கு மட்டுமென்று நினைக்க வேண்டாம்: கழுத்திலிருந்து இடுப்புவரை பூசி, 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். 5 நாள் தொடர்ந்து. உடம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதையும் நிறுத்தினேன்.

செதில் சீக்கிரம் நின்றது. நிறம் திரும்பத்தான் மாதக்கணக்கானது. அதுவரை புள்ளி தெரிந்தாலும், செதில் இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. தேமல் திரும்பி வரக்கூடியது, அதனால் அடுத்த வெக்கைக்கு முன் சில நாள் மறுபடி பூசச் சொன்னார். பூசுகிறேன்.